கண்ணாடிப் பலகையும் கூட்டக் குறிப்பும்

சங்கக் கூட்டக் குறிப்பை இனி டேப்லட்டில்தான் எழுத வேண்டும் என்று நம் இளைஞர்கள் வற்புறுத்தி வருகிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் வரவேற்கிறேன். ஓராண்டாக அந்தப் பேனாவைப் பிடித்துக் குறிப்பெழுதி வருபவன் என்ற முறையில், சில சங்கடங்களை அன்பர்கள் முன் வைப்பது என் கடமை என்று கருதுகிறேன். கருவி தாராளமாக வரட்டும். ஆனால் அதற்காக நம் குறிப்பின் மொழி மாறக் கூடாது என்பதே என் கட்சி.

பேனாவால் எழுதினால் புரிந்துகொள்ளும் கணிப்பொறி புதிய சரக்கு அன்று. 1989-இலேயே அமெரிக்காவில் கிரிட்பேட் என்ற கருவி விற்பனைக்கு வந்தது. 1993-இல் ஆப்பிள் நிறுவனம் நியூட்டனைக் கொண்டுவந்தது. நாம் எழுதுவது ஒன்று, அது படிப்பது வேறொன்று என்று பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் வரும் அளவுக்கு அது பெயரெடுத்தது. 1998-இல் அதைக் கைவிட்டார்கள். 1996-இல் வந்த பாம் பைலட், இயந்திரத்துக்குப் புரியும் ஒரு தனி எழுத்து முறையை மனிதரே கற்றுக்கொள்ள வேண்டும் என்றது. நமக்குப் பக்கத்தில் பெங்களூரில், இந்திய அறிவியல் கழக ஆசிரியர்களும் ஒரு மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டரும் குச்சியால் தொட்டு இயக்கும் கருவிதான். 2004-இல் சந்தைக்கு வந்த அது எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

இத்தனை ஆண்டு முயன்றும் ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கே இந்தப் பாடு என்றால், தமிழின் நிலை என்ன? நம் எழுத்து 247 என்று பள்ளியில் படித்தோம். துணையெழுத்துகளைப் பிரித்துக் கணக்கிட்டால் கணிப்பொறி அடையாளம் காண வேண்டிய வடிவங்கள் குறையும். 2006-இல் தமிழ்க் கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள்களுக்கு ஒரு பன்னாட்டுப் போட்டி நடந்தபோது 156 வடிவங்களை எடுத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை கூடப் பெரிய தொல்லையில்லை. வடிவ ஒற்றுமைதான் தொல்லை. வேகமாக எழுதும்போது ரகரமும் காலும் ஒன்றுபோலவே விழுகின்றன. மெய்யெழுத்தின் புள்ளியை லேசாகத் தொட்டால் கண்ணாடி அதைக் கவனிப்பதில்லை. கை தவறிப் பட்ட இடத்திலோ புள்ளி வைத்துவிடுகிறது.

ஒரு முறை, ஓர் அன்பர் ஐந்நூறு ரூபாய் ‘கொடுத்தார்’ என்று எழுதினேன். கருவி அந்தக் காலை விட்டுவிட்டு ‘கெடுத்தார்’ என்று மாற்றி வைத்தது. படித்துப் பார்த்ததால் தப்பித்தோம். அப்படியே எல்லோருடைய போனுக்கும் போயிருந்தால், நன்கொடை கொடுத்தவர் முகத்தில் எப்படி விழிப்பது?

இதற்கு மேல் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டு, திருத்தணிப் பகுதி அந்தப் பக்கம் போயிற்று. ஆந்திரம் பிரிந்த பிறகும் இங்கேயே தங்கியவர்களும், என்னைப் போல் வேலைக்காக வந்து வேரூன்றியவர்களும் சேர்ந்ததுதான் நம் சங்கம். எனவே நம் கூட்டத்தில் தமிழில் தொடங்கும் வாக்கியம் தெலுங்கில் திரும்பி ஆங்கிலத்தில் முடியும். தாளில் எழுதும்போது மூன்று எழுத்தையும் கலந்து எழுதிவிட்டுப் போகிறோம். கருவியோ, ‘எந்த மொழி, முதலில் சொல்’ என்கிறது. தமிழைத் தேர்ந்தால் தெலுங்குக் கடைப் பெயர் சிதைகிறது. தெலுங்கைத் தேர்ந்தால் தமிழ் சிதைகிறது. 2015-இல் கூகிள் வெளியிட்ட கையெழுத்துச் செயலி 82 மொழிகளை ஏற்றது. தமிழும் தெலுங்கும் அதில் உண்டு. நிதானமாக நாலு சொல் எழுத அது நல்ல துணை. பத்துப் பேர் பேசும் கூட்டத்தில் மொழியை மாற்றி மாற்றிக் கொடுத்து எழுத யாருக்கு நேரம்?

வாங்கப் போகும் அன்பர்களுக்கு ஒரு பொறியியல் குறிப்பு. பேனாக்களில் இரண்டு வகை உண்டு. ரப்பர் முனையுள்ள மலிவு விலைப் பேனாவை, கருவி நம் விரல் என்றே நினைக்கும். ஆகவே உள்ளங்கை பட்டாலும் கோடு விழும்; கையை அந்தரத்தில் தூக்கியபடி ஒரு மணி நேரம் எழுத முடியாது. கருவிக்கென்றே செய்த பேனாவைத் திரை தனியே அடையாளம் காணும், உள்ளங்கையைத் தள்ளிவிடும். விலை கூடுதல் என்றாலும் வேலைக்கு ஆவது இரண்டாவது வகைதான்.

ரயில்வேயில் டிராலியில் போய்க்கொண்டே நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெழுதிப் பழகியவன் நான். கிறுக்கலாக இருந்தாலும் மாலையில் எனக்குப் புரியும். கான்ட்ராக்டர் பில்லுக்கு ஆதாரமான மெஷர்மெண்ட் புக்கில் பக்கத்துக்கு எண் உண்டு. கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. தவறான அளவைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பழைய எண்ணும் தெரிய வேண்டும், திருத்தியவர் யார் என்றும் தெரிய வேண்டும். டேப்லட்டில் அழித்தால் தடம் தெரிவதில்லை. பணமும் தீர்மானமும் சம்பந்தப்பட்ட குறிப்புக்கு இது சிறிய குறை அன்று.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறு. தமிழில் எழுதினால் கருவி தகராறு செய்கிறது என்பதால், குறிப்பெழுதும் தம்பிகள் மெல்ல ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டு மாதமாக ஆங்கிலக் குறிப்புதான் போனில் வருகிறது. கணவரை இழந்து, தையல் வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கும் ஓர் உறுப்பினர் என்னிடம் வந்து, “அண்ணா, கல்வி உதவித் தீர்மானம் பாஸ் ஆச்சா? எனக்கு இதைப் படிக்கத் தெரியலையே” என்று கேட்டார். தீர்மானம் அவருக்காகவே போட்டது. அவர் கையிலுள்ள போனிலேயே அது இருந்தது. தமிழ்ச் சங்கத்தின் குறிப்பைத் தமிழ் மட்டும் படித்தவர் படிக்க முடியவில்லை என்றால், சங்கத்துக்கு அந்தப் பெயர் எதற்கு?

“பேச்சை ரெக்கார்டு செய்தால் போன் தானே எழுதித் தந்துவிடுமே” என்பார்கள். நாலு பேர் ஒரே சமயத்தில் இரு மொழியில் பேசும்போது அது எதை எழுதும்? தவிர, கூட்டக் குறிப்பு என்பது யார் என்ன பேசினார் என்பதன் நகல் அன்று. என்ன முடிவாயிற்று, யார் பொறுப்பு, எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்பதே குறிப்பு. அதைப் பிரித்தெடுக்கக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கும் ஒரு மனிதர் வேண்டும்.

ஆகவே நான் சொல்லும் வழி இது. முதலாவது, டேப்லட்டில் எழுதும் தமிழ்க் கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றாமல், கையெழுத்தாகவே சேமிப்போம். அந்த வசதி எல்லாக் கருவியிலும் உண்டு. இரண்டாவது, கூட்டம் கலையும் முன் தீர்மானங்களைத் தமிழில் உரக்கப் படித்து, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறிப்போம். மூன்றாவது, அந்தப் பக்கத்தை அச்செடுத்து, தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டுப் பழைய மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டிவைப்போம். நான்காவது, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பெரியவருடன் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் நம் பிள்ளை ஒருவரையும் குறிப்பெழுத அமர்த்துவோம். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, ஒரு காரியத்துக்காகத் தமிழ் எழுதும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கிறது? பிழை வந்தால் வரட்டும். பக்கத்தில் இருக்கும் பெரியவர் திருத்துவார்.

இதற்குக் கூடுதல் செலவு அதிகம் இல்லை. வரும் செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்றைய குறிப்பைத் தமிழில் எழுத எந்த வீட்டுப் பிள்ளை வரப்போகிறது என்று பெற்றோர்கள் இப்போதே செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டால் நல்லது.