திண்ணையும் வீடும்

திருநெல்வேலிச் சீமையில் கோபாலசமுத்திரம் என்று ஓர் ஊர். 1983 கலவரத்துக்குப் பின் கடல் தாண்டி வந்த இலங்கைத் தமிழருக்காகத் தமிழ்நாட்டில் ஏற்பட்ட முகாம்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்பது 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. பெயர் மாறியது, பிரஜா உரிமைதான் வரவில்லை.

2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஒரு சலுகை தந்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது. நல்ல காரியம். ஆனால் "திண்ணையில் படுத்துக்கொள், விரட்டமாட்டேன்" என்பது வேறு. "உள்ளே வா" என்பது வேறு அல்லவா?

"அனுமதியில்லாமல் வந்தவருக்கெல்லாம் உரிமை தந்தால் சட்டத்துக்கு என்ன மதிப்பு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முகாமிலேயே பிறந்த குழந்தை எந்த எல்லையைத் தாண்டிற்று? பெற்றோரில் ஒருவர் அனுமதியின்றி வந்தவரென்றால், 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்த பிள்ளைக்கும் பிறப்புரிமை இல்லை!

1948-ல் நாடற்றவராக்கிய மலையகத் தமிழருக்கு, இலங்கையே 2003-ல் தனிச் சட்டம் இயற்றிக் குடியுரிமை தந்தது. அதற்கு 55 வருஷம் பிடித்தது. அந்தச் சட்டத்தை நாமும் பின்பற்றலாம். அந்தத் தாமதத்தை வேண்டாம்.