மூளை துயருறும்போது



துன்பம் நேர்ந்தவருக்கு ஆறுதல் கூறச் செல்வோர் பெரும்பாலும் ஒரே சொல்லைச் சொல்லக் கேட்கிறோம்: "மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்." இச்சொல்லில் அன்பு உண்டு. எனினும் அதனுள் ஒரு தவறான எண்ணமும் மறைந்து கிடக்கிறது. துயரம் மனத்தில் மட்டும் நிகழ்வது. உறுதியுள்ளவன் அதனை உதறி எழுந்துவிடுவான். எழாதவன் கோழை என்பதே அவ்வெண்ணம். மூளையின் வேதியியலை ஆராய்ந்தோர் கண்டவற்றுள் ஒரு சிறு பகுதியை இத்திங்கள் எடுத்துக்கொண்டு, அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என நோக்குவோம்.

பாலிஅமீன்கள் என்றொரு பொருட்குடும்பம் உண்டு. புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என்னும் மூன்றும் அதில் முதன்மையானவை. ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக், தாம் செய்த உருப்பெருக்கியின் வழியே ஆணின் விந்தில் கண்ட சில படிகங்களைக் குறித்து எழுதியது 1678இல் வெளிவந்தது. அவை ஸ்பெர்மினின் படிகங்கள். அப்பொருளின் வேதியமைப்போ 1926இல்தான் தெளிவாயிற்று. புட்ரெசினை 1885இல் பெர்லின் நகரத்து லுட்விக் பிரீகர் அழுகிய பொருள்களில் கண்டு விவரித்தார். அழுகுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதற்குப் பெயராயிற்று. பிணத்தின் நாற்றத்தில் உள்ள அதே பொருள், வாழும் உடலின் உயிரணுக்களிலும் இன்றியமையாததாய் இருக்கிறது என்பது வியப்பன்றோ?

இவை நேர்மின்னூட்டம் உடையவை. ஆதலால் எதிர்மின்னூட்டமுடைய மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வோடு எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. இவையின்றி உயிரணு வளர்வதில்லை. நரம்பணுக்களில் இவற்றுக்கு மற்றொரு பணியும் உண்டு. நரம்பணுவின் சுவரில் பொட்டாசியம், கால்சியம் போன்றவை நுழையவும் வெளியேறவும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவ்வாயில்களில் சிலவற்றை உள்ளிருந்து அடைக்கும் தாழ்ப்பாள் ஸ்பெர்மினே என்பது 1994, 1995ஆம் ஆண்டு ஆய்வுகளில் புலனாயிற்று.

நமது உடல் இவற்றை எவ்வாறு ஆக்குகிறது? ஆர்னிதைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து முதலில் புட்ரெசின் உண்டாகிறது, அதிலிருந்து ஸ்பெர்மிடின், அதிலிருந்து ஸ்பெர்மின். முதற்படியை நடத்தும் நொதி மிகக் குறுகிய ஆயுள் உடையது. அரைமணிக்கும் குறைவான நேரத்தில் அதில் பாதி அழிந்துபோகும். அழிவது வீண் அன்று. தேவை எழும்போது விரைந்து பெருக்கவும், தேவை தீர்ந்ததும் விரைந்து குறைக்கவும் இதனால் உடலுக்கு இயலுகிறது.

இனித் துயரத்துக்கு வருவோம். இசுரேல் நாட்டு ஆய்வாளர்களான காட் கிலாத், வர்தா கிலாத் இருவரும் எலிகளை அசையவொட்டாமல் சிறிது நேரம் அடைத்துவைத்துப் பார்த்தனர். உடலில் காயம் ஏதுமில்லை. அச்சமும் நெருக்கடியும் மட்டுமே. ஆயினும் சில மணி நேரத்தில் மூளையில் அந்நொதியின் செயல் மிகுந்து, பின்னர்த் தணிந்தது. வளர்ந்த எலியின் மூளையில் புட்ரெசின் பெருகிற்று. அதிலிருந்து உண்டாக வேண்டிய ஸ்பெர்மிடினும் ஸ்பெர்மினும் அதற்கேற்பப் பெருகவில்லை. தொடங்கிய வேலை பாதியில் நின்றுவிட்டது. மூளைக்குப் புறம்பான நரம்புகளில் இவ்வேலை நிறைவுபெற்று நரம்பணு பிழைக்கத் துணைசெய்கிறது. மூளையில் அரைகுறையாய் நிற்பதோ தீங்காகவும் முடியலாம் என்பது அவர்கள் கருத்து.

லித்தியத்தைத் தொடர்ந்து கொடுத்தபோது எலிகளின் மூளையில் இவ்வெழுச்சி தடைப்பட்டதையும் அவர்கள் கண்டனர். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மனக்கிளர்ச்சி நோய்க்குப் பயனுள்ளதென அறிவித்த அதே லித்தியந்தான் இது.

கனடாவில் மான்ட்ரியால் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தார் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோரின் மூளையில், பாலிஅமீன்களைச் சிதைத்துச் சமன்செய்ய உதவும் ஒரு நொதியின் மரபணுச் செயல் சில பகுதிகளில் குறைந்திருந்தது. இது ஒன்றே காரணம் என்று கொள்ளலாகாது. வாழ்வின் சூழலும் வரலாறும் அதில் கலந்துள்ளன. எனினும், "அவனுக்குத் துணிவில்லை, வீட்டாரை நினைத்துப் பார்க்கவில்லை" என்று தீர்ப்பிடும் வாயை அடைக்க இவ்வளவு போதும். பிள்ளையை இழந்து நிற்கும் பெற்றோரின் காதில் அச்சொல் விழாதிருப்பதே நாம் செய்யக்கூடிய முதல் உதவி.

துயரத்தைப் போலவே காயத்திலும் மூளை இப்பொருள்களை நாடுகிறது. ஜெர்மனியில் கொலோன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக் கழகத்தில் வுல்ஃப் பாஷன் 1980களில் இதனை ஆராய்ந்தார். மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டு மீண்டும் ஓடியபின், எளிதில் அழியும் பகுதிகளில் புட்ரெசின் மிகுதியாய்ச் சேர்ந்ததைக் கண்டார். அது அழிவின் அடையாளமா, பழுதுபார்க்கும் முயற்சியா? ஆய்வுகள் ஒன்றோடொன்று மாறுபட்ட விடைகளைத் தந்தன.

இரண்டுக்கும் சான்று உண்டு. ஸ்பெர்மினும் ஸ்பெர்மிடினும் சிதையும்போது அக்ரோலின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அடுப்பில் எண்ணெய் கருகுகையில் கண்ணைக் கரிக்கும் புகையில் உள்ளதும் அதுவே. பக்கவாத நோயாளரின் இரத்தத்தில் அந்நஞ்சு படிந்த புரதம் மிகுந்திருந்ததை ஜப்பானில் கசுயெய் இகராஷியின் குழுவினர் 2005இல் காட்டினர். மறுபுறம், நியூயார்க்கில் மேரி ஃபில்பினின் குழுவினர், இதே பாலிஅமீன்கள் நரம்பிழைகள் மீண்டும் வளரத் துணைநிற்பதை 2002இல் வெளியிட்டனர். நசுங்கிய கண்நரம்பு எலிகளில் ஸ்பெர்மிடினால் வளர்வதை 2009இல் காட்டினர்.

ஆக, பொருள் ஒன்றே. அளவும் இடமும் காலமும் மாறும்போது அதுவே கட்டவும் செய்கிறது, இடிக்கவும் செய்கிறது. இவ்வுண்மையிலிருந்து நம் இல்லங்களுக்கு மூன்று செய்திகள் கிடைக்கின்றன.

முதலாவது, ஸ்பெர்மிடின் மாத்திரை நினைவாற்றலைப் பெருக்கும் என்னும் விளம்பரத்தை நம்பிப் பணத்தை இழக்க வேண்டா. பெர்லினில் 100 முதியோரைக் கொண்டு 12 மாதம் நடந்த ஆய்வு 2022இல் வெளியாயிற்று. நாள்தோறும் ஸ்பெர்மிடின் உண்டோரின் நினைவாற்றல் மற்றவரினும் மேம்படவில்லை. கோதுமை முளைக்கரு, சோயா, காளான் ஆகியவற்றில் அப்பொருள் உண்டு. உணவாக உண்பதே போதுமானது.

இரண்டாவது, பக்கவாதத்தில் காலமே உயிர். முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டியது.

மூன்றாவது, மனநோய்க்கென மருத்துவர் தந்த மருந்தை, "தேறிவிட்டானே" என்று வீட்டார் தாமே நிறுத்தலாகாது. லித்தியத்தில் பயன்தரும் அளவுக்கும் தீங்குசெய்யும் அளவுக்கும் இடைவெளி சிறிது. அதனாலேயே இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து அளவைக் கணிக்கின்றனர். அச்சோதனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்வது நலம்.

துயருற்றவரிடம் மனத்தைத் திடப்படுத்தச் சொல்லுமுன், அவர் உறங்கினாரா, உண்டாரா, மருத்துவரைக் கண்டாரா என்று கேட்போம். எழ இயலாதவரைப் பழிக்காமல் அருகில் அமர்ந்திருப்போம். கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கு நாம் காட்டும் பொறுமையை, கண்ணுக்குத் தெரியாத காயத்துக்கும் காட்டுவதே நம் கடமை.