இரயிலும் ஓட வேண்டும், குடும்பமும் நடக்க வேண்டும்

கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு நேரடி இடிஎஸ் மின்சார இரயில் சேவை 2025 டிசம்பரில் தொடங்கியது. கிம்மாஸ் – ஜொகூர் பாரு இடையே ஏறத்தாழ 192 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம் அமைந்ததால் இது சாத்தியமானது. பயணிகளுக்கு மகிழ்ச்சிதான். அதேவேளையில், இரயிலை ஓட்டுபவர்களும் தண்டவாளத்தைப் பராமரிப்பவர்களும் குடும்பத்திற்கு எப்போது நேரம் ஒதுக்குவது என்பதையும் பேச வேண்டியுள்ளது.

முதல் இரயில் புறப்பட, விடியுமுன்பே ஆள் பணிக்கு வர வேண்டும். பெரும்பாலான தண்டவாள வேலைகள் நள்ளிரவுக்குப் பிறகே நடக்கும். ஊரே வீடு திரும்பும் தீபாவளி, நோன்புப் பெருநாள் காலங்களில்தான் கூடுதல் சேவைகள். தைப்பூசத்தின்போது பத்துமலைக்கு இரவிலும் கொம்யூட்டர் ஓடுகிறது. அந்த இரயிலில் குடும்பத்தோடு போகும் பக்தர்களுக்காக, ஒருவர் தம் குடும்பத்தை விட்டு வந்திருப்பார்.

2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், வார வேலை நேரத்தை 48லிருந்து 45 மணியாகக் குறைத்தது. தந்தையருக்கு 7 நாள் விடுப்பு தந்தது. வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

அலுவலக ஊழியருக்கு இது பெரிய உதவி. இரயில் ஓட்டுநரோ வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது. ஷிப்ட் பணிக்கு அந்த 45 மணி நேரம் மூன்று வாரச் சராசரியாகவே கணக்கிடப்படுகிறது. ஒரு வாரம் வேலை கூடி, அடுத்த வாரம் குறையலாம். பாலர் பள்ளியும் பராமரிப்பு மையமும் அந்தக் கணக்கில் திறப்பதில்லை.

தைப்பிங் – போர்ட் வெல்ட் இடையே 1885இல் முதல் இரயில் ஓடிய காலந்தொட்டு, இத்துறையில் தமிழர் உழைப்பு கலந்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் ஊழியர் குடியிருப்புகள் வேலையிடத்தின் அருகிலேயே இருந்தன. சம்பளம் குறைவு, ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டும். ஆயினும் பணி முடிந்தவர் நடந்தே வீடு சேரலாம். இன்று பழைய இரயில்வே நிலத்தில் கேஎல் சென்ட்ரல் நிற்கிறது. அருகில் வாடகை கட்ட முடியாதவர் தொலைவில் குடியிருக்கிறார். போக்குவரத்தில் கழியும் நேரம் பிள்ளைகளுக்குரிய நேரம்.

நிர்வாகத்துக்கும் நெருக்கடி உண்டு. ஓட்டுநரைப் பயிற்றுவிக்கக் காலம் பிடிக்கும். திடீர் விடுப்புக்கு மாற்று ஆள் உடனே கிடைக்கமாட்டார். ஆகவே, பணி அட்டவணையை ஒரு மாதம் முன்பே தருவதும், சக ஊழியரோடு ஷிப்ட் மாற்றுவதை எளிதாக்குவதும், பெருநாள் பணியைச் சுழற்சி முறையில் பகிர்வதும் நடைமுறைக்கு ஏற்றவை. இவற்றுக்குப் பெரிய செலவில்லை, திட்டமிடல் போதும்.

இதைச் சலுகையாகப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக் கவலையில் தூக்கம் கெட்ட ஓட்டுநரின் பின்னால் நூற்றுக்கணக்கான பயணிகள் அமர்ந்திருக்கிறார்கள்.