சட்டமும் கணக்கும்

தமிழ் மக்களின் அரசியலிலே அப்புக்காத்துமாருக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. ஜீ. ஜீ. பொன்னம்பலமும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் நீதிமன்றத்திலிருந்தே அரசியல் மேடைக்கு வந்தவர்கள். உரிமையை எடுத்துரைக்கும் வன்மை எம்மிடம் நிறைய உண்டு. அவ்வுரிமை பறிபோவதால் உண்டாகும் நட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும் பயிற்சிதான் குறைவு. இக்குறையை இனியும் பொறுத்திருத்தல் தகாது.

மன்னார்த் தீவின் தென்கரையைப் பாருங்கள். தாழ்வுபாட்டு மக்கள் கடலை நம்பி வாழும் கரை அது. அக்கரையிலே 30 கோபுரங்களுடன் 103.5 மெகாவாட் வலுவுடைய 'தம்பபவனி' காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. பின்னர் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க முன்வந்தபோது, மின் அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலைக்கு 2024இல் அமைச்சரவை இணங்கியது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அரசாங்கம் மாறியது, விலை மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது.

இதிலே ஒரு பாடம் உண்டு. பறவைகளின் வழியும் பேசப்பட்டது; அலகின் விலையும் பேசப்பட்டது. காற்றாலைகள் வந்தபின் மீன்பாடு குறைந்ததென மீனவர் முறையிடுகின்றனரே, அந்த நட்டம் ஆண்டொன்றுக்கு எத்தனை ரூபா? இதைக் கணக்கிட்டு மன்றின் முன் வைப்பவர் யார்? சட்டம் மட்டும் கற்றவர் மீனவனின் உரிமையை வாதிப்பார். பொருளியலும் கற்றவரே அவனுடைய இழப்பை அளந்து காட்டுவார்.

இவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே சேர்ந்தால் விளையும் பயனுக்கு டாக்டர் அம்பேத்கர் சான்று. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1915இல் பொருளியலில் முதுகலைப் பட்டமும், இலண்டனில் 1923இல் ரூபாய்ப் பிரச்சினை பற்றிய ஆய்வுக்காக டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றவர் அவர். கிரேஸ் இன்னிலே பாரிஸ்டரானவர். துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்தால் மட்டும் உழவன் துயர் தீராது. போதிய முதலும், நிலத்தையே நம்பி மிகுந்து நிற்கும் மக்களுக்கு வேறு தொழிலும் வேண்டும் என 1918இலேயே எழுதினார். கொங்கணக் கரையிலே குடியானவரிடம் வரி தண்டி இடையில் ஆதாயம் கண்ட 'கோத்' முறையை ஒழிக்க 1937இல் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொணர்ந்தார். குடியானவன் கையிலிருந்து பணம் எங்கே போகிறது என்று கண்டறிந்தது பொருளியல். அதைத் தடுக்க வழி வகுத்தது சட்டம். 1949ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது.

ஆகவே, சட்டம் பயில விரும்பும் எமது இளைஞரும் யுவதிகளும் பொருளியலையும் கற்க வேண்டும். தொழிலில் உள்ள சட்டத்தரணிகள் பொருளியல் அறிந்தோரைத் துணைக்கொள்ள வேண்டும். மீனவர் சங்கங்கள் நாளாந்த மீன்பாட்டையும் விலையையும் ஏட்டில் பதியட்டும். கட்டுக்கரைக் குளத்து வயற்காரர் விதைப்புச் செலவையும் விளைச்சலையும் குறித்து வைக்கட்டும். ஏட்டில் இல்லாத நட்டம் மன்றிலே வெறும் முறைப்பாடாகவே நின்றுவிடும்.

எமக்காக வழக்குரைப்பவர் கையில் சட்டப் புத்தகத்தோடு கணக்கேடும் இருக்கட்டும்.