வரத் தாமதிப்பது வேறு, வரவே வராதது வேறு

பெரிய டர்போ பொருத்திய டிராக் கார் ஒன்று தொடக்கக் கோட்டில் திணறுமானால், நம் வாகன ஆர்வலர்களிடையே அதற்கு ஒரே ஒரு நோய்ப்பெயர்தான் வழங்குகிறது: டர்போ லேக். பெயர் சொல்லப்பட்ட மறுநொடியே மருந்தும் சொல்லப்பட்டுவிடும்: ஆன்டி-லேக். நோயின் பெயருக்கும் மருந்தின் பெயருக்கும் இவ்வளவு பொருத்தம் இருப்பதால், இடையில் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. இப்பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றே. நான் கண்ட டிராக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இருந்தது லேக் அன்று. வேறொரு குறையை லேக் என்று அழைத்து, இல்லாத நோய்க்கு மருந்து விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். அதற்கான விலையை டர்பைனும் வால்வும் மட்டுமல்ல, பட்டறையில் வேலை செய்யும் இளைஞர்களும் கொடுக்கிறார்கள்.

மொழியியல் படித்தவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பெங்களூரின் வாகனப் பட்டறைகளில் தமிழ் பேசும் தொழிலாளர்கள் கையாளும் தொழில்மொழியே என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். எஞ்சினுக்கு அருகில் குறிப்பேட்டோடு நின்று சொற்களைச் சேகரிக்கப் போனேன். சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் எஞ்சினையும் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவ்வாறு கற்றதன் பலனே இப்பதிவு.

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். டர்போசார்ஜர் என்பது ஒரே தண்டின் இரு முனைகளில் அமைந்த இரு சக்கரங்கள். எஞ்சின் வெளியேற்றும் சூடான புகை ஒரு முனையிலுள்ள டர்பைனைச் சுழற்றுகிறது. மறுமுனையிலுள்ள கம்ப்ரசர் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. ஆல்ஃபிரெட் பூஹியின் 1905ஆம் ஆண்டுக் காப்புரிமை தொட்டு இன்றுவரை மாறாத உண்மை ஒன்று உண்டு: புகை கொண்டுவரும் ஆற்றலுக்கு மேல் டர்பைனால் எதையும் தர இயலாது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது புகை குறைவு, ஆற்றலும் குறைவு. ஆகவே ஒவ்வோர் எஞ்சினுக்கும் அதனோடு இணைந்த டர்போவுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, முழுச் சுமையில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும், அந்த ஆர்.பி.எம்முக்குக் கீழே பயன்தரும் பூஸ்ட் எழாது. ஆங்கிலத்தில் இதனை பூஸ்ட் த்ரெஷோல்ட் என்பர். நான் இதனைப் பூஸ்ட் வாசல் என்று குறிப்பிடுகிறேன்.

லேக் என்பது வாசலைத் தாண்டிய பின் நிகழ்வது. எஞ்சின் போதிய வேகத்தில் இருக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம், சக்கரங்கள் வேகமெடுத்துக் காற்றழுத்தம் எழுவதற்குச் சிறிது நேரம் ஆகிறது. அந்த நேரமே லேக். முன்னது ஆர்.பி.எம்மில் அளக்கப்படுவது, பின்னது நொடியில் அளக்கப்படுவது. காத்திருந்தால் லேக் தீரும். காத்திருப்பதால் மட்டும் வாசல் கீழே இறங்கிவிடாது.

பெரிய டர்போவில் இரண்டுமே மோசமாகும் என்பது உண்மை. ஒரே வடிவமுள்ள சக்கரத்தின் விட்டத்தை 10 விழுக்காடு கூட்டினால் அதன் நிறை விட்டத்தின் மும்மடியாகக் கூடுகிறது. நிலைமத் திருப்புத்திறனோ ஐந்தாம் அடுக்காகக் கூடுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: 61 விழுக்காடு. 20 விழுக்காடு கூட்டினால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இது லேக்கின் கணக்கு. அகன்ற டர்பைன் வழி குறைந்த புகை தளர்வாகக் கடந்து போய்விடுவதால் வாசலும் மேலேறுகிறது. இரண்டும் ஒருசேர ஏறுகின்றன என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா? காய்ச்சலும் இருமலும் ஒருங்கே வருவதுண்டு; அதனால் இரண்டுக்கும் ஒரே மாத்திரை என்று எந்த மருத்துவரும் எழுதுவதில்லை.

இனி நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், கையால் கியர் மாற்றும் கார். உரிமையாளர் தகவல் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றுபவர். 402 மீட்டர் ஓட்டத்துக்காகப் பெரிய டர்போ பொருத்தியிருந்தார். 5500 ஆர்.பி.எம்முக்குக் கீழே பூஸ்ட் கேஜின் முள் அசையவில்லை. தொடக்கக் கோட்டில் 4000இல் வைத்துக் கிளட்சை விட்டார். கார் எருமைபோல் நகர்ந்தது. பட்டறை முதலாளி கேட்டவுடனே தீர்ப்பு வழங்கினார்: லேக், ஆன்டி-லேக் போட்டுவிடலாம். அருகில் நின்ற இளம் மெக்கானிக் ஒரு வாக்கியம் சொன்னார். அதை அன்றே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: “சார், லேட்டா வர்றது வேற, வரவே வராதது வேற. இது நாலாயிரத்துல வரவே வராது.” முதலாளி அவரை வேலையைப் பார்க்கச் சொன்னார். உரிமையாளர் ஒன்றரை மாதச் சம்பளத்தைக் கொடுத்தார்.

ஆன்டி-லேக் செய்வது என்ன? தீப்பொறியை மிகத் தாமதப்படுத்தி, கூடுதல் எரிபொருளையும் காற்றையும் அனுப்பி, எரிதலின் ஒரு பகுதியைச் சிலிண்டருக்கு வெளியே, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலேயே நிகழச் செய்கிறது. வெடியோசையும் தீப்பிழம்பும் அதனால்தான். ராலிப் பந்தயத்தில் இதற்குத் தெளிவான தேவை உண்டு. ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார், புகை நின்றுபோகிறது, டர்பைன் தளர்கிறது, மீண்டும் மிதிக்கும்போது உடனே காற்று வேண்டும். அது மெய்யான லேக், மருந்தும் மெய்யானது. டிராக் ஓட்டத்திலோ வளைவே இல்லை. கியர் மாற்றும் கணங்கள் நீங்கலாக, கோட்டிலிருந்து கோடு வரை ஆக்சிலரேட்டர் மிதித்தபடியே இருக்கிறது. வளைவில்லாத பாதைக்கு வளைவின் மருந்தை விற்பதைத்தான் நாம் தொழில்நுட்பம் என்று கொண்டாடுகிறோம்.

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். கையால் கியர் மாற்றும் காரில், கோட்டில் நிற்கும்போது எஞ்சினுக்குச் சுமையே இல்லை. ஆதலால் அங்குச் சில நொடிகள் தீப்பொறியைத் தாமதப்படுத்தி டர்பைனுக்குச் சூட்டை அனுப்புவது பயனுள்ள உத்தியே. டூ-ஸ்டெப் என்று அழைக்கப்படும் இவ்வுத்தியை நான் குறைகூறவில்லை. ஆனால் அது வாசலைத் தற்காலிகமாகக் கடக்க உதவும் ஊன்றுகோல், வாசலை இறக்குவதன்று. மேற்சொன்ன காரில் நிகழ்ந்ததும் அதுவே. கோட்டில் பூஸ்ட் வந்தது. முதல் கியரில் கார் பாய்ந்தது. 8000இல் இரண்டாம் கியருக்கு மாற்றியதும் எல்லாம் அடங்கிப்போயிற்று.

ஏன் என்பதற்குப் பள்ளிக் கணக்கே போதும். முதல் கியர் விகிதம் 3.25, இரண்டாவது 1.90 எனக் கொள்வோம். 8000இல் மாற்றினால் எஞ்சின் சுமார் 4680க்கு இறங்குகிறது. வாசல் 5500 எனில், ஒவ்வோர் ஓட்டத்திலும் கார் வாசலுக்கு வெளியே தள்ளப்படுகிறது. மாறாக, முதல் கியர் 2.80, இரண்டாவது 2.00 என நெருங்கிய விகிதங்கள் அமைந்தால் எஞ்சின் 5700க்குச் சற்று மேலேயே நிற்கும். டர்போ ஓய்வதே இல்லை. நீண்ட முதல் கியரால் வேறொரு நன்மையும் உண்டு: எஞ்சின் சுமையோடு கூடுதல் நேரம் உழைப்பதால் டர்பைனுக்குப் புகை ஏறும் அவகாசம் கிடைக்கிறது. டர்போவின் குற்றம் என்று எல்லோரும் சொன்னதில் பெரும்பகுதி கியர்பாக்ஸின் குற்றம். லேக் என்ற சொல் அந்தத் திசையில் எவரையும் பார்க்கவே விடவில்லை.

வாசலை இறக்கும் வழிகளும் மறைபொருள் அல்ல. முதலில் கசிவு: டர்பைனுக்கு முன்னால் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் ஓட்டை இருந்தால் டர்பைனுக்கு உரிய ஆற்றல் தெருவுக்குப் போகிறது, கம்ப்ரசருக்குப் பின்னால் குழாயில் கசிந்தால் அழுத்திய காற்று வீணாகிறது. வலுவற்ற ஸ்பிரிங் காரணமாக வேஸ்ட்கேட் முன்கூட்டியே திறந்தாலும் இதே கதி. அடுத்தது சூடு. சிலிண்டரை விட்டு 900 டிகிரி செல்சியஸில் புறப்படும் புகை, டர்பைனை அடைவதற்குள் 100 டிகிரி இழந்தால், கெல்வின் கணக்கில் அதன் பயன்படும் ஆற்றலில் 8 விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது. மேனிஃபோல்டுக்குச் சூடு காக்கும் பூச்சோ சுற்றுத்துணியோ அந்த இழப்பைக் குறைக்கும். மூன்றாவது டர்பைன் கூடு: கம்ப்ரசரை மாற்றாமல், 0.82 ஏ/ஆர் கூட்டுக்குப் பதிலாக 0.63 பொருத்தினால் புகை குறுகிய வழியில் விரைந்து பாய்ந்து சக்கரத்தை முன்னதாகவே சுழற்றும். உச்ச வேகத்தில் பின்னழுத்தம் கூடும் என்பது அதன் விலை. நான்காவது ட்வின்-ஸ்க்ரோல்: 1-3-4-2 வரிசையில் எரியும் எஞ்சினில் 1, 4 சிலிண்டர்களின் புகையை ஒரு வழியிலும் 2, 3 சிலிண்டர்களின் புகையை மறு வழியிலும் பிரித்து அனுப்பினால், ஒன்றின் துடிப்பு மற்றொன்றைக் கெடுப்பதில்லை. ஆனால் மேனிஃபோல்டும் அவ்வாறே பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். கூட்டை மட்டும் வாங்கிப் பொருத்துவது வீண்செலவு.

தானியங்கி கியர்பாக்ஸ் உள்ள டிராக் கார்களிலும் இதே பிழை வேறு உருவில் நேர்கிறது. அங்கு டிரான்ஸ்பிரேக் காரை அசையாமல் பிடித்துக்கொள்ள, எஞ்சின் டார்க் கன்வெர்ட்டருக்கு எதிராக முழுச் சுமையில் உழைக்கிறது. நின்ற இடத்திலேயே பூஸ்ட் எழுகிறது. ஆனால் கன்வெர்ட்டரின் ஸ்டால் வேகம் வாசலுக்குக் கீழே இருந்தால், எஞ்சின் அந்த வேகத்திலேயே முட்டி நிற்கும்; பூஸ்ட் எழாது; எதிர் வரிசைக்காரர் விளக்குக்காகக் காத்திருப்பார். அப்போதும் குற்றவாளி டர்போ என்பார்கள். மாற்ற வேண்டியது கன்வெர்ட்டர். சிறிதளவு நைட்ரஸ் செலுத்திப் புகையையும் சூட்டையும் கூட்டி, பூஸ்ட் எழுந்ததும் அழுத்த சுவிட்ச் வழி நிறுத்துவது இன்னொரு வழி. எதைச் செய்தாலும் நோக்கம் ஒன்றே: எஞ்சினை வாசலுக்கு மேலே, சுமையோடு நிறுத்துவது.

பெயரில் என்ன இருக்கிறது, அனுபவசாலிகள் கையாலேயே கண்டுகொள்வார்கள் என்பது என்னிடம் அடிக்கடி சொல்லப்படும் மறுப்பு. கண்டுகொள்வார்கள், ஐயமில்லை. ஆனால் பணம் கொடுப்பவர் கையால் அறிவதில்லை, சொல்லால் அறிகிறார். சிறிய டர்போ போட்டால் தொல்லையே இல்லையே என்பது இன்னொரு மறுப்பு. தொடக்கத்தில் இல்லை, ஓட்டத்தின் பின்பாதியில் உண்டு. கடைசி 200 மீட்டரில் வேண்டிய காற்றைச் சிறிய கம்ப்ரசரால் தர இயலாது. அதற்காகத்தானே பெரியதை வாங்கினீர்கள்?

அந்தக் காரின் கதை இவ்வாறு முடிந்தது. சில ஓட்டங்களுக்குப் பின் டர்பைன் சக்கரத்தில் விரிசல் கண்டது. எரிதலை மேனிஃபோல்டுக்குள் நிகழ்த்தினால் அச்சூட்டை முதலில் தாங்க வேண்டியது அச்சக்கரமே, இதில் வியப்பில்லை. வியப்பு அதற்குப் பின்னால். பொருத்தியவர் சரியாகப் பொருத்தவில்லை என்று பழி அந்த இளைஞர்மீது விழுந்தது. அந்த மாதச் சம்பளத்தில் பாதி பிடிக்கப்பட்டது. நோயைச் சரியாகச் சொன்ன ஒரே மனிதர் அவர். த்ரெஷோல்ட் என்ற சொல் அவருக்குத் தெரியாது; அச்சொல்லின் பொருள் அங்கிருந்த எல்லோரையும்விட அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தமிழில், வினைச்சொற்களால், பிசகின்றிச் சொன்னார். வரத் தாமதிப்பது, வராதது என்ற அவரது பிரிப்பு, பொறியியல் நூல்கள் செய்யும் பிரிப்பேதான். ஆங்கிலப் பெயர்ச்சொல் அணிந்து வராததால் அது அறிவாகக் கருதப்படவில்லை.

தமிழில் தொழில்நுட்பம் பேச இயலாது என்போருக்கு இதுவே என் மறுமொழி. பேசப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது, கேட்பார்தான் இல்லை. நம் பட்டறைகளில் கலைச்சொற்களுக்குப் பஞ்சம் இருக்கலாம். கருத்துகளுக்குப் பஞ்சம் இல்லை. இறக்குமதியான ஒற்றைச் சொல் இரண்டு கருத்துகளை ஒன்றாகக் குழைத்துவிட, அவற்றைப் பிரித்துக் காட்டியது கிரீஸ் படிந்த கையோடு நின்றவரின் பேச்சுத் தமிழ்.

ஆகவே, பெரிய டர்போ வைத்திருக்கும் நண்பர்களே, அடுத்த முறை எதையும் வாங்குமுன் இரண்டே கேள்விகள் கேளுங்கள். எத்தனை ஆர்.பி.எம்மில் வருகிறது? மிதித்தபின் வர எத்தனை நொடி ஆகிறது? பொதுச் சாலையில் சோதிக்காதீர்கள். டைனோவில் ஏற்றிப் பதிவெடுங்கள். முதல் கேள்விக்கான விடை உங்கள் தொடக்க வேகத்துக்கு மேலே இருந்தால், எவர் எத்தனை தீப்பிழம்பு காட்டினாலும் பணப்பையைத் திறக்காதீர்கள். காருக்கு அடியில் படுத்திருப்பவரை எழுப்பி, அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். கேட்டதற்குரிய கூலியையும் கொடுங்கள்.