மூன்று ராஜாக்களும் தப்பான வாசலும்

லால்குடியில் எங்கள் தெருப் பிள்ளைகள் சென்ற கிறிஸ்துமஸுக்கு ஒரு நாடகம் போட்டார்கள். மூன்று ராஜாக்கள் செல்போனில் வழி பார்த்துக்கொண்டே வந்து, தப்பாக ஏரோதின் அரண்மனை வாசலில் போய் நின்றார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் வயது நண்பர் ஒருவருக்கு மட்டும் கோபம். "வேதத்தைக் கேலி பண்ணலாமா சார்?" என்றார்.

பண்ணலாம் என்பதே என் கட்சி. முதலில் எது வேதம்? மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் வருபவர்கள் ராஜாக்கள் அல்ல, கிழக்கத்திய ஞானிகள். மூவர் என்ற கணக்கும் இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று. அதை வைத்து ஆளையும் மூன்றாக்கினார்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் பின்னால் வந்தவை. நான் படித்த பிரெஞ்சுக்காரர்களின் வழக்கப்படி, ஜனவரி 6 ராஜாக்கள் திருநாளில் கேக்குக்குள் சின்னப் பொம்மையை ஒளித்து வைப்பார்கள். அது யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். அதுவும் விளையாட்டுதானே?

1979இல் வந்த 'லைஃப் ஆஃப் பிரையன்' படத்தில் ஞானிகள் வேறொரு வீட்டில் காணிக்கை வைத்துவிட்டு, தப்பு தெரிந்ததும் பிடுங்கிக்கொண்டு போவார்கள். நார்வேயில் படத்துக்குத் தடை. பக்கத்து ஸ்வீடனில் அந்தத் தடையையே விளம்பரமாக்கிப் படத்தை ஓட்டினார்கள்!

யோசித்தால் பிள்ளைகள் செய்தது கேலியே அல்ல. மத்தேயுவிலும் ஞானிகள் முதலில் எருசலேமுக்குப் போய்த்தான் விசாரிக்கிறார்கள். விஷயம் ஏரோதின் காதுக்கு எட்டுகிறது. அதற்கு விலை, பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள்.

என் குறை, நாடகம் சிரிப்போடு நின்றுவிட்டதுதான். நம் கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், தேம்பாவணியில் குழவிகள் வதைக்கு ஒரு படலமே ஒதுக்கினார். நம் குடில்களில் ஒட்டகம் உண்டு, சீரியல் லைட் உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு இடமில்லை.

இன்னொன்று. ஏரோது கேட்டதும் ஏட்டைப் பார்த்து "பெத்லகேம்" என்று எடுத்துக் கொடுத்தவர்கள் மறைநூல் அறிஞர்கள். எதற்கு என்று கேட்கவில்லை. மேலதிகாரி கேட்ட விவரத்தை மறுபேச்சில்லாமல் கொடுத்தே காலம் தள்ளிய குமாஸ்தா நான். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் சுருக்கென்கிறது.

ஞானிகளோ ஏரோதிடம் திரும்பாமல் வேறு வழியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த டிசம்பரில் செல்போன் இருக்கட்டும், அந்தக் காட்சியையும் சேருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.