கூரையில் ஏறச் சொல்பவர்களுக்கு

மாரி தொடங்கியதும் அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. கூரையைப் பரிசோதியுங்கள், பீலியைத் துப்புரவாக்குங்கள், பாசியைச் சுரண்டுங்கள், வெடித்த தகட்டை மாற்றுங்கள் என்கிறார்கள். அந்தக் கூரை எதனால் ஆனது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

இலங்கையில் பெருந்தொகையான வீடுகளை மூடியிருப்பது அஸ்பெஸ்டஸ் தகடு. அதன் மீது தும்புத்தடியுடன் ஏறுபவர் இரு ஆபத்துகளுக்கு நடுவே நிற்கிறார். நனைந்த தகடு வழுக்கும். பழையதாயின் கால் வைத்த இடத்தில் உடையும். காய்ந்த தகட்டைச் சுரண்டினாலோ, துளையிட்டாலோ, வெட்டினாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கும். நுரையீரலில் தங்கும் அந்த நார்கள் புற்றுநோயாக வெளிப்படப் பல தசாப்தங்கள் ஆகலாம். ஆகையால் அன்று கூரை மேய்ந்த தொழிலாளியின் மரணத்தை எவரும் கூரையுடன் தொடர்புபடுத்துவதில்லை.

வெள்ளை அஸ்பெஸ்டஸ் சீமெந்துடன் இறுகியிருப்பதால் தீங்கில்லை என்பது விற்பனையாளர்களின் வாதம். சேதமுறாத தகட்டிலிருந்து நார் அதிகம் வெளியேறாது என்பது உண்மையே. ஆனால் வெயிலிலும் மழையிலும் பல்லாண்டு கிடந்த சீமெந்து அரிக்கப்படாதா? வெள்ளை உட்பட எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை விளைவிக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

அரசுக்கு இது தெரியாததல்ல. நீல அஸ்பெஸ்டஸை 1997 இல் தடைசெய்த நாடு இது. ஏனையவற்றையும் 2018 முதல் கட்டுப்படுத்தி 2024 இற்குள் முற்றாக நீக்கப்போவதாக மைத்திரிபால சிறிசேன ஆட்சியில் அறிவிக்கப்பட்டது. நடந்தது என்ன? தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகக் கூறி, 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்பும் பிரதான நாடும் ரஷ்யாவே. சில நாட்களிலேயே கொழும்பு அஸ்பெஸ்டஸ் தடையைக் கைவிட்டது. தேயிலைத் தடையும் நீங்கியது. ஒரு வண்டுக்கு இருந்த பலம் மக்களின் சுவாசப்பைக்கு இருக்கவில்லை.

ஏழைகளுக்கு ஓடு வாங்க வழியில்லை என்பார்கள். உண்மைதான். அதனாலேயே மாற்றுக் கூரைக்கு மானியமும், கழற்றிய தகடுகளைப் பாதுகாப்பாக அகற்றும் ஏற்பாடும் அரசின் கடமையாகின்றன. இன்று உடைந்த தகடுகள் வளவு மூலையிலும் வீதியோரக் குழியிலும் கிடக்கின்றன. சிறுவர் அவற்றின் மேல் விளையாடுகின்றனர்.

கூரையை நிலத்தில் நின்றே பாருங்கள். ஒழுக்கைக் கண்டால் முகக்கவசமும் பாதுகாப்புக் கயிறும் கொண்ட அனுபவமுள்ளவரை அழையுங்கள். குடிமகன் செய்யக்கூடியது அவ்வளவே. மிகுதியைச் செய்ய வேண்டியவர்கள் 2024 ஐயும் தாண்டி மௌனம் காக்கிறார்கள். பரிசோதிக்கப்பட வேண்டியது அந்த மௌனமே.